சித்திராசாரியர் நந்தலால் போஸ்

சித்திரம் வெறும் பொழுதுபோக்கு என்றும், கைத்தொழில் படிப்பு ஏறாதவனுக்கு உரியது என்றும் எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை நந்தலால் போஸ் அவர்களின் வாழ்க்கை இனிது விளக்கும்.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதி பீகாரிலுள்ள கரக்பூரில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறுவயதிலேயே களிமண்ணில் உருவங்கள் சமைப்பதில் அவர் மனம் சென்றது. கல்கத்தாவிற் கல்லூரிப் பரீட்சைகளில் தவறினார். குடும்பத்தார் வணிகக் கல்வி பயில வைத்தனர், அதுவும் ஒட்டவில்லை. ஈற்றில் அவர்களை இணங்கச் செய்து, அரசினர் கலைக்கல்லூரியில் அவனீந்திரநாத தாகூரிடம் மாணாக்கராயினார். சில ஆண்டுகளுள் அஜந்தாக் குகை ஓவியங்களைப் பிரதி செய்யும் பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

கல்கத்தாவிலே புகழும் பொருளும் அவருக்குக் காத்திருந்தன. ஆயினும் கவி ரவீந்திரநாத தாகூர், 1919இல் சாந்திநிகேதனத்திலே தொடங்கிய கலாபவனத்துக்கு அவரை அழைத்தார். செம்மண் நிலத்துச் சிற்றூர், சிறிய சர்வகலாசாலை, விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர். நந்தலால் அங்கே சென்றார். 1922 முதல் 1951 வரை அதன் தலைவராயிருந்தார்.

அவர் கற்பித்த முறை புதுமையானது. மரத்தையும் மாட்டையும் சந்தால் மக்களின் வாழ்வையும் நேரிற் கண்டு வரையுமாறு மாணவரை வெளியே அனுப்பினார். சித்திரத்துக்கும் கைப்பணிக்கும் இடையே உயர்வு தாழ்வு கற்பித்திலர். நம் முற்றத்துக் கோலத்தை ஒத்த ஆல்பனா, பற்றிக் துணி, தோல்வேலை, சுவரோவியம், நாடகமேடை அலங்காரம் யாவும் அங்கே கல்வியாயின. 1934இல் தாகூருடன் இலங்கைக்கும் வந்து சென்றார்.

1938இல் ஹரிபுராக் காங்கிரஸ் மகாநாட்டை அலங்கரிக்குமாறு காந்தியடிகள் வேண்டினார். உழவர், தச்சர், மேளகாரர், நெல் குற்றும் பெண்கள் ஆகியோரைக் கைக்கடதாசியில் வரைந்து, ஏழை மக்களும் கண்டு மகிழுமாறு வெளியிலே வைத்தார். பாரத அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதியை அழகு செய்ததும் அவரும் அவர் மாணவருமே.

சுதந்திரப் போராட்டத்திற் சிறை சென்றதனால் அரசினர் கல்லூரிகளின் கதவடைக்கப்பட்ட கே. ஜி. சுப்பிரமணியன் என்னும் தமிழ் இளைஞரும் 1944இல் இவரிடமே கற்கச் சென்றார். பின்னாளில் ஓவியத்தோடு நெசவிலும் விளையாட்டுப் பொம்மைகளிலும் அவர் கைவண்ணம் காட்டினார்.

1954இல் பத்மவிபூஷண் விருது பெற்ற நந்தலால், 1966 ஏப்பிரல் 16இல் மறைந்தார்.

பெரியோர்களே, பரீட்சையில் தவறிய பிள்ளையின் கை என்ன செய்ய விரும்புகின்றது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இளைஞர்களே, கல்விக்கழகத்தின் பெருமை கட்டடத்தில் இல்லை. அங்கே கற்பிப்போரிடமும் கற்போரிடமுமே உள்ளது. நீங்கள் செய்யும் பாயும் பானையும் திருத்தமாய் அமையட்டும். அதுவும் ஒரு வழிபாடே.