பஸ்சில் எல்லோருக்கும் இடம் தந்தவர்

கையிலே காசு இருந்தது. பஸ்சிலே இடமும் இருந்தது. ஆனாலும் ஏற முடியவில்லை!

ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு காலத்தில் ஆதிதிராவிட மக்களின் நிலை இதுதான். அதை மாற்றப் பாடுபட்டவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார்.

1893-ம் ஆண்டு பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. நீதிக்கட்சியில் சேர்ந்து பொதுவாழ்வுக்கு வந்தார். 1928-ல் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவர் ஆனார். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது.

கரிசல் மண், வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் மிளகாயும் விளையும். மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு போகும். பிழைப்புத் தேடி வெளியூர் போகத்தான் வேண்டும். அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1960-களில்தான். அதுவரை மோட்டார் பஸ்சை விட்டால் மாட்டு வண்டி. அதுவும் இல்லையென்றால் நடைதான்!

ஆனால் பஸ் முதலாளிகள் பலர் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியானாலும் நோயாளியானாலும் வெயிலில் நடக்க வேண்டியதுதான்.

ஜில்லா போர்டின் வேலை என்ன? சாலை போடுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, ஆஸ்பத்திரி வைப்பது. நிலவரியோடு வசூலாகும் செஸ் பணமும் இதற்கு உதவியது. அந்தச் சாலைகளில் பஸ் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். சௌந்தரபாண்டியனார் அங்கேதான் கை வைத்தார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்சின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார்.

மேடையில் பேசிக் கேட்காதவர்களும் இதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்! லைசென்ஸ் போனால் பஸ் ஓடாது. பஸ் ஓடாவிட்டால் பணம் வராது.

அவர் பிறந்த நாடார் சமூகமும் அவமதிப்பை அறிந்ததுதான். திருச்சுழிக்குப் பக்கத்திலே உள்ள கமுதியில், 1897-ல் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு நடந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும், 1908-ல் அவர்களுக்குத் தோல்விதான் கிடைத்தது. தம்மவர் பட்ட துன்பத்தைப் பிறர் படக்கூடாது என்று நினைப்பவர் எத்தனை பேர்? சௌந்தரபாண்டியனார் அப்படி நினைத்தார்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்தவரும் அவரே. பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் கூடாது என்று அந்த மாநாடு தீர்மானித்தது.

1953-ல் அவர் காலமானார். சென்னை தியாகராய நகரில் மக்கள் துணிமணி வாங்கக் கூடும் பாண்டி பஜார், அவர் பெயரால் அமைந்த சௌந்தரபாண்டியனார் அங்காடிதான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு இன்று பஸ் ஏறினால், எந்த ஊர் என்றுதான் கண்டக்டர் கேட்கிறார். என்ன ஜாதி என்று கேட்பதில்லை. அந்த நல்ல வழக்கத்துக்குப் பின்னால் ஒரு போர்டு தலைவரின் கையெழுத்தும் இருக்கிறது!