தேயிலை மலையில் தடுமாறிய நட்சத்திரம்

சித்திரைப் புத்தாண்டு மலருக்குச் சினிமா சம்பந்தமாக ஏதாவது எழுதித் தரவேணும் என்று எங்கள் சங்கத்தின் மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். எம்.ஜி.ஆர், சிவாஜி பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கினம். ஆகவே 1950களின் தொடக்கத்தில் ஹொலிவூட்டில் கொடிகட்டிப் பறந்த ஒரு நடிகையை நான் எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்காரியின் கதை எங்களுக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதேயுங்கோ. அவரின் வாழ்க்கையில் பெரிய இடி விழத் தொடங்கியது எங்கட இலங்கையில்தான்.

அவர் பெயர் விவியன் லீ. 1913 நவம்பர் 5ஆம் திகதி இந்தியாவில், தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங்கில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் விவியன் மேரி ஹார்ட்லி. ஆறு வயதில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் கன்னியாஸ்திரிகளின் விடுதிப் பாடசாலையில் விட்டுவிட்டார்கள். சின்ன வயதில் தாய் தகப்பனைப் பிரிந்து வேற்று நாட்டில் வளருவது எப்படியிருக்கும் என்று எங்களில் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1932இல் ஹேர்பேர்ட் லீ ஹோல்மன் என்ற வழக்கறிஞரை மணந்தார். அடுத்த வருடம் ஒரு பெண் குழந்தை. கணவனின் பெயரில் நடுவில் இருந்த லீயைத்தான் நடிப்புக்குத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பிறகு அந்தத் திருமணம் முறிந்து, 1940இல் புகழ்பெற்ற நடிகர் லோரன்ஸ் ஒலிவியரைக் கைப்பிடித்தார்.

1939இல் வந்த கோன் வித் த விண்ட் படம் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. கதாநாயகியைத் தேடி அமெரிக்கா முழுக்க அலைந்துவிட்டுக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்த இவரைப் பிடித்தார்கள். ஒஸ்கார் விருதும் கிடைத்தது. ஆனாலும் கதாநாயகன் கிளார்க் கேபிளை விடக் கூடுதலான நாட்கள் வேலை செய்தும், அவரை விட இவருக்குச் சம்பளம் மிகக் குறைவு. பெண்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறது அங்கேயும் இருந்திருக்கு!

1951இல் வெளிவந்த எ ஸ்ரீட்கார் நேம்ட் டிசையர் படத்தில் மனம் உடைந்துபோகும் ஒரு பெண்ணாக நடித்தார். 1952இல் அதற்கு இரண்டாவது ஒஸ்கார். விழா நடந்தபோது அவர் நியூயோர்க்கில் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அவருக்காக விருதை வாங்கியவர் கிரீர் கார்சன் என்ற நடிகை. வெளியில் எல்லாமே வெற்றி. உள்ளே இரண்டு நோய்கள். ஒன்று காசம். மற்றது மனநோய். சில காலம் தலைகால் தெரியாத உற்சாகம், பிறகு எழும்ப முடியாத சோர்வு என்று மாறி மாறி வரும் நோய் அது.

1953 தொடக்கத்தில் பரமவுண்ட் கம்பனியின் எலிபன்ற் வோக் படத்துக்காக இலங்கைக்கு வந்தார். ஒரு தோட்டத்துரை, யானைகள் காலங்காலமாகப் போய்வந்த பாதையை மறித்துப் பங்களா கட்டிவிடுகிறார். அவரின் மகனைக் கலியாணம் செய்து அந்த வீட்டுக்கு வருகிற பெண்ணின் கதை இது. தோட்டத்தில் கொலரா பரவுகிறது. கடைசியில் யானைகள் வந்து பங்களாவை மிதித்து நொறுக்குகின்றன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹொலிவூட் கமெராக்கள் தேயிலை மலையைப் படம்பிடித்த அந்த நேரம், அங்கே கொழுந்து பறித்த எங்கட மலையகச் சனத்தில் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1949இல் வாக்குரிமையும் இழந்து, நாடற்றவராக நின்றார்கள். படம் துரைமாரின் பங்களாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. லயன் காம்பராக்களின் கதையை அது சொல்லவில்லை.

இலங்கையில் இருக்கும்போதே விவியன் லீக்கு நித்திரை போய்விட்டது. பதற்றம் கூடியது. மிச்சப் படப்பிடிப்புக்கு ஹொலிவூட்டுக்குப் பறந்த பிறகு நிலைமை கைமீறியது. மார்ச் மாதத்தில் படத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. கணவர் போய் மயக்க மருந்தோடு இங்கிலாந்துக்குக் கூட்டிவந்தார். அங்கே வைத்தியசாலையில் மின்சார அதிர்ச்சிச் சிகிச்சை நடந்தது. இன்றைக்கு இந்த நோய்க்கு இருக்கிற மருந்துகள் அப்ப பரவலாகக் கிடைக்கவில்லை.

அவருடைய இடத்துக்கு 21 வயது எலிசபெத் டெய்லரைப் போட்டுப் படத்தை முடித்து 1954இல் வெளியிட்டார்கள். ஆனால் இலங்கையில் எடுத்த சில தூரக் காட்சிகளைத் திரும்ப எடுக்கவில்லை. படத்தைப் பார்க்கக் கிடைத்தால் கவனியுங்கோ, தூரத்தில் தெரிகிற சில இடங்களில் நிற்பது டெய்லர் இல்லை, விவியன் லீ.

அத்தோடு அவர் கதை முடியவில்லை. அதே 1953இன் கடைசியிலேயே லண்டன் மேடையில் மீண்டும் நின்றார். 1960இல் ஒலிவியரோடு விவாகரத்தான பிறகும் நடித்தார். 1963இல் இசை நாடகம் ஒன்றுக்காக அமெரிக்காவின் டோனி விருது பெற்றார். 1967 ஜூலையில் 53 வயதில் காலமானார். கொண்டுபோனது காசநோய், மனநோய் அல்ல. அன்றிரவு லண்டன் நாடக அரங்குகள் வெளிவிளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து அஞ்சலி செலுத்தின.

இதை ஏன் புத்தாண்டு மலரில் எழுதுகிறேன்? டோர்செட் பார்க்கில், கென்னடி வீதிப் பக்கத்து அப்பார்ட்மென்ற்களில் எத்தனையோ எங்கட சனம் இருக்கினம். போரைக் கண்டவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், இரண்டு வேலை செய்தும் இரவில் கண்மூட முடியாதவர்கள். சலரோகம், பிரஷர் என்றால் வெளிப்படையாகச் சொல்லுவினம். மனம் சரியில்லை என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளுவினம். மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும், ஊர் கதைக்கும் என்ற பயம். இரண்டு ஒஸ்கார் வாங்கியவருக்கும் வந்த நோய் இது. அழகும் பணமும் புகழும் அதைத் தடுக்கவில்லை. அந்த நோய் அவரின் திறமையையும் அழிக்கவில்லை. சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்து 14 வருடங்கள் வாழ்ந்தும் நடித்தும் காட்டினார்.

ஆகவே இந்தப் புத்தாண்டில் கைவிசேஷம் கொடுக்கப் போகிற வீடுகளில், கொஞ்ச நாளாக ஒருவரோடும் கதைக்காமல் இருக்கிற ஆரும் இருந்தால் பக்கத்தில் இருந்து விசாரியுங்கோ. குடும்ப வைத்தியரிடம் போகத் துணைக்குப் போங்கோ. ஊர் கதைக்கட்டும், அது இரண்டு நாள் கதை. ஆளைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.