தந்திக் கம்பி இழுத்த டாக்டர்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து செம்மேட்டுக்கு பஸ் ஏறியிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு விசில் அடித்தால் போ. கண்டக்டர் மாறுவார், டிரைவர் மாறுவார், பஸ்ஸே மாறும். விசிலுக்கு உள்ள அர்த்தம் மாறாது. நாற்பதாவது வளைவில் யாரோ ஒரு புதுக் கண்டக்டர், இனிமே ஒரு விசிலுக்குத்தான் வண்டி எடுக்கணும் என்று தீர்மானித்தால்? கொல்லிமலைக்காரனான எனக்கு நினைக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

இதே பிரச்சினையை இந்தியா முழுமைக்குமாகச் சந்தித்தவர் ஒருவர் உண்டு. வில்லியம் புரூக் ஓஷானசி. 1809-இல் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தவர். படித்தது எடின்பரோவில், அதுவும் டாக்டர் படிப்பு! 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து கல்கத்தா வந்தார். மருத்துவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியர். ஆனால் மனசு முழுக்க மின்சாரத்தில்.

1839-இல் கல்கத்தா அருகே மூங்கில் கம்பங்கள் நட்டு 21 மைல் கம்பி இழுத்துப் பரிசோதித்தார். செய்தியை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? விரலில் 'சுருக்' என்று ஷாக் அடிக்கும், அதை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்! அரசாங்கம் அப்போது கண்டுகொள்ளவில்லை. டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்த பிறகுதான் விடிவு பிறந்தது. 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடியது. குரங்கும் பறவையும் உட்கார்ந்தால் அறுந்துபோகாமலிருக்க, கம்பிக்குப் பதில் தடித்த இரும்புத் தண்டையே இழுத்தார் மனுஷன். கூடவே நின்று உழைத்தவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளி. அவர் பெயரை நம் பாடப்புத்தகங்களில் காணோம்.

1855 பிப்ரவரியில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் இணைந்து பொதுமக்களுக்கும் தந்தி திறந்துவிடப்பட்டது. (அந்தக் கம்பி 1857-இல் கம்பெனி ஆட்சிக்குத்தான் கை கொடுத்தது, அதையும் மறைக்க வேண்டாம்.)

இத்தனை தூரமும் ஓடியது ஓஷானசி தாமே வடிவமைத்த ஒற்றை முள் கருவி. முள் இடமும் வலமுமாக ஆடும், ஊழியர் பார்த்துப் படிப்பார். மலிவானது, உள்ளூரிலேயே செய்யக்கூடியது. ஆனால் வெளியுலகம் மோர்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மோர்ஸ் கருவி புள்ளியையும் கோட்டையும் காகித நாடாவில் பதித்துவிடும். 1856-இல் வெளிநாடு போய் நேரில் பார்த்தார். 1857-இல் இந்தியக் கம்பிகளுக்கு மோர்ஸ் வந்தது. தன் கையால் செய்த கருவியைத் தானே ஓரங்கட்டினார்! நம்மில் எத்தனை பேர் சொந்த ப்ராஜெக்ட்டை அப்படி ஒதுக்குவோம், சொல்லுங்க?

குறியீடு வேறுபட்டால் என்ன கஷ்டம் என்று ஐரோப்பா அனுபவித்துக்கொண்டிருந்தது. நாட்டு எல்லையில் தந்தியை இறக்கி, காகிதத்தில் எழுதி, அந்தப் பக்கத்து ஆளிடம் கொடுத்து மறுபடி அடிக்க வேண்டும். 1865-இல் பாரிஸில் 20 நாடுகள் கூடி, எல்லோருக்கும் ஒரே மோர்ஸ் என்று ஒப்புக்கொண்டன. 1869-இல் இந்தியாவும் அந்தத் தந்திச் சங்கத்தில் சேர்ந்தது. அதன் பிறகு மோர்ஸ் கருவி செய்தவர்கள் அந்த அட்டவணையை நம்பியே செய்தார்கள். 2004-இல் ஈமெயில் முகவரிக்கான '@' குறியைச் சேர்த்தபோதுகூட, ஏ-யையும் சி-யையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒரு புதுக்குறி கொடுத்தார்களே தவிர, பழைய எழுத்து ஒன்றையும் தொடவில்லை. 1869-இல் பழகிய கிழவர் பிழைத்து வந்தாலும் பாக்கியை அப்படியே படித்துவிடுவார்!

நம் நாட்டில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றது. ஓஷானசி 1889 ஜனவரி 8-இல் இங்கிலாந்தின் சவுத்ஸீயில் காலமானார். ஒரு வேடிக்கை: 1861-இல் இவர் தன் பெயரையே ஓஷானசி புரூக் என்று மாற்றிக்கொண்டார். அதனால் நூலகத்தில் தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்க.