வளராத கால்கள், ஓயாத கை



சிவகாசி அச்சகங்களின் காலண்டரும் பட்டாசுப் பெட்டிப் படமும் இருக்கன்குடி வீடுகளுக்குப் புதியவை அல்ல. முற்காலத்தில் இத்தகைய வர்ணப் படங்கள் கல்லச்சில் உருவாயின. அக்கலையில் பெரும்புகழ் பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஆன்றி தெ துலூஸ்-லோத்ரெக்கின் வாழ்க்கையைக் கேளுங்கள்.

அவர் 1864 நவம்பர் 24ல் பிரான்சின் அல்பி நகரில், பழைய பிரபு குடும்பத்தில் பிறந்தார். தாயும் தந்தையும் அக்காள் தங்கை பிள்ளைகள். நம் வழக்கில் அண்ணன் தங்கை முறை. 1878ல், 13 வயதில், நாற்காலியிலிருந்து விழுந்து ஒரு தொடையெலும்பு முறிந்தது. மறு ஆண்டு மற்றத் தொடையும் முறிந்தது. அதன்பின் கால்கள் வளரவில்லை. சுமார் 5 அடியோடு உயரம் நின்றது. வாழ்நாள் முழுதும் கைத்தடியே துணையாயிற்று.

குதிரையும் வேட்டையுமே உலகமென வாழ்ந்த தந்தை மகனை விட்டு விலகினார். தாய் அதேல் விலகவில்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் சிறுவன் ஓயாமல் படம் வரைந்தான். 1882ல் பாரிஸ் சென்று பயின்றார். 1891ல் அவர் தீட்டிய சுவரொட்டி பாரிஸ் தெருக்களில் ஒட்டப்பட, நகரமே அவர் பெயரை அறிந்தது. உலகம் இழிவாகக் கருதிய நாட்டியப் பெண்களையும் அவர் மனிதராகவே கண்டு வரைந்தார். ஆனால் குடிப்பழக்கம் அவரை அழித்தது. 1901 செப்டம்பர் 9ல், 37 வயது நிறையுமுன், தாயின் அருகில் உயிர் நீத்தார்.

அவருடைய நோய் யாது? பழைய எலும்பைக் கரைக்கும் நொதி உடலில் குறைந்தால், எலும்பு கெட்டியாகும். ஆயினும் எளிதில் முறியும். இதற்கு ‘பிக்னோடிசாஸ்டோசிஸ்’ என்று பெயர். லோத்ரெக்கின் நோய் இதுவே என்று மரோட்டோ, லாமி என்னும் மருத்துவர்கள் 1965ல் கருத்துரைத்தனர். இதன் மரபுக்கூறு 1996ல் கண்டறியப்பட்டது. பழுதான மரபுக்கூற்றைத் தாங்கியும் தாய் தந்தையர் நலமாகவே இருப்பர். இருவரிடமும் அது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4ல் 1.

அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தாலும் இரத்த நெருக்கம் இதே அளவுதான். ஆகவே இத்தகைய மணத்துக்குத் திருச்சபையின் விலக்குப் பெறுவதை வெறும் காகித வேலையாக எண்ணாதீர்கள், மருத்துவரையும் கலந்துகொள்ளுங்கள். எலும்பு நலிந்த பிள்ளை பிறந்துவிட்டால், யாருடைய பாவமென்றும் தேடாதீர்கள். அதன் கையில் என்ன திறமை இருக்கிறதென்று தேடுங்கள்.

தாய் காத்துக் கொடுத்த ஓவியங்களுடன், 1922ல் அல்பியின் பழைய ஆயர் மாளிகை லோத்ரெக்கின் கலைக்கூடமாயிற்று. இன்றும் மக்கள் அங்கே சென்று காண்கின்றனர்.