மூன்று சக்கர மெக்கானிக் சார்லஸ் ஃபே

ஆண்டு மலர் என்றால் ஜேம்ஸ் வாட், எடிசன், விஸ்வேஸ்வரய்யா என்று எழுதுவதுதான் வழக்கம். அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட ஆள் கொஞ்சம் வில்லங்கமானவர். சூதாட்ட இயந்திரம் செய்தவர். ஆனால் பட்டம் எதுவும் இல்லாமல், அரமும் லேத்தும் ஸ்பிரிங்கும் மட்டும் தெரிந்த ஒரு மெக்கானிக். நம்ம ஜாதிதான்! காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரம் சுற்றி நிற்கிற மெஷினை சினிமாவில் எல்லோரும் பார்த்திருப்போம். அதைச் செய்தவர் சார்லஸ் ஃபே.

ஜெர்மனியில் பவேரியா பகுதியில் 1862-ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆகஸ்ட். பிள்ளைகள் நிறைந்த வீடு. பதினாலு வயசிலேயே விவசாயக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வருஷமே வீட்டை விட்டுக் கிளம்பி பிரான்ஸ், பிறகு லண்டன். லண்டனில் கப்பல்களுக்கான கருவிகள் செய்யும் பட்டறையில் கை நுணுக்கம் கற்றார். பிறகு அமெரிக்கா போய், 1885 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் நிலைத்தார். அங்கே காசநோய் வந்தது. மருந்து கண்டுபிடிக்காத காலம். பிழைக்கவே மாட்டார் என்று நினைத்த மனிதர் பிழைத்து எழுந்து, கல்யாணம் செய்து, 82 வயது வரை வாழ்ந்தார்.

எலெக்ட்ரிக் சாமான் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தபோது அவரைப் போலவே இன்னும் இரண்டு ஜெர்மன்காரர்கள் அங்கே இருந்தார்கள். மூவருக்குமே காசு போட்டு ஆடும் மெஷின் மேல் ஒரு பைத்தியம். அந்த ஊர் சாராயக் கடைகளில் அப்போது அந்த மெஷின்களுக்கு அவ்வளவு கிராக்கி. ஆனால் சீட்டுக்கட்டு மெஷின் என்று இருந்ததில் ஒரு குறை. ஜெயித்தவனுக்குக் கடைக்காரர்தான் கையால் பரிசு எடுத்துக் கொடுக்க வேண்டும். 52 சீட்டில் போக்கர் கை விழும் விதங்கள் லட்சக்கணக்கு. அத்தனையையும் கண்டுபிடித்து மெஷினே காசு கொட்டுவது என்றால் நடக்கிற காரியமா?

ஃபே செய்த வேலை, கணக்கைச் சுருக்கியது. ஐந்து சீட்டை மூன்று சக்கரமாக்கினார். ஒவ்வொன்றிலும் பத்து இடம். லாடம், நட்சத்திரம், மூன்று சீட்டுச் சின்னங்கள், விரிசல் விழுந்த மணி. பத்தைப் பத்தால் பெருக்கி இன்னொரு பத்தால் பெருக்கினால் ஆயிரம் விதம், அவ்வளவுதான். ஆயிரத்தை ஒரு இரும்புத் தட்டும் சில நெம்புகோலும் கண்டுபிடித்துவிடும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டத் தட்டில் வெட்டுப் பள்ளம். பள்ளம் ஆழமாக இருந்தால் நெம்புகோல் உள்ளே இறங்கும், அந்த அளவுக்குக் காசு விழும். மூன்று மணி சேர்ந்தால் 50 சென்ட். 1890களின் கடைசியில் வந்த இந்த மெஷினுக்கு லிபர்ட்டி பெல் என்று பெயர்.

நான் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இனிமேல்தான் வருகிறது. மெஷின் வந்த அன்றே அதை ஏமாற்றுகிறவனும் வந்துவிட்டான். ஐந்து சென்ட் காசு அளவில் ஈயத்தையோ தகரத்தையோ வட்டமாக வெட்டிப் போட்டால் மெஷினுக்கு என்ன தெரியும்? கடைக்காரரின் டோக்கனும் நிஜக் காசும் கலந்து விழும் குழப்பம் வேறு. ஃபே காசு இறங்கும் வழியில் ஒரு சின்ன ஊசியை வைத்தார். இறங்கும் வில்லையை அது தொட்டுப் பார்க்கும். நிஜம் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். கேட்டால் சும்மா ஒரு ஊசிதானே என்று தோன்றும். என் கணிப்பில் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான பாகம் அதுதான். சக்கரம் சுற்றுவதை யாரும் செய்வார்கள். வெளியிலிருந்து வருவது சரக்கா போலியா என்று கேட்கத் தெரிந்த மெஷினைத்தான் ஒரு மூலையில் தனியாக விட்டுவிட்டுப் போக முடியும்.

ஊசி வைத்து அடைக்க முடியாத ஓட்டை ஒன்றும் இருந்தது. அது சட்டத்தில். சூதாட்டத்துக்கு மட்டும் பயன்படும் பொருளால் சமூகத்துக்கு உபயோகம் இல்லை, அதற்குக் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1897-ல் கலிபோர்னியாவிலேயே அப்படி ஒரு தீர்ப்பு வந்தது. அதனால் ஃபே மெஷினை யாருக்கும் விற்கவில்லை. கடையில் வைப்பார், வசூலில் பாதி கடைக்காரருக்கு, பாதி அவருக்கு. பூட்டும் அவருடையது, ரிப்பேரும் அவரே. பெரிய கம்பெனிகள் கேட்டும் உரிமையைக் கொடுக்கவில்லை. பிடிவாதக்காரர்!

விற்காவிட்டால் என்ன? 1905-ல் ஒரு சாராயக் கடையிலிருந்து லிபர்ட்டி பெல் ஒன்று திருடு போனது. அது நேராக சிகாகோவிலிருந்த மில்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அந்தத் தொழிலில் வழிவழியாகச் சொல்லும் கதை. கதை எப்படியோ, கொஞ்ச காலத்திலேயே மில்ஸ் கம்பெனி அதே பெயரில் அதே மாதிரி மெஷினை ஆயிரக்கணக்கில் இறக்கியது. நடுவில் 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ பூகம்பம், அதைத் தொடர்ந்து தீ. ஃபேயின் பட்டறை போயிற்று, கடைகளில் இருந்த மெஷின்களும் பெரும்பாலும் போயின.

பழச் சின்னம் வந்த கதை வேடிக்கையானது. 1909-ல் சான் பிரான்சிஸ்கோவிலும் 1911-ல் கலிபோர்னியா முழுவதும் இந்த மெஷின்களுக்குத் தடை. உடனே கம்பெனிகள், இது சூதாட்டமில்லை, சூயிங்கம் விற்கும் மெஷின் என்றன! எலுமிச்சை, ஆரஞ்சு, பிளம்ஸ் என்று சக்கரத்தில் பழப் படங்கள் ஏறின. இன்றும் வரும் அந்தக் கறுப்புப் பட்டை, கம் பாக்கெட்டின் முத்திரை. பிரிட்டனில் இதற்குப் பழ மெஷின் என்றே பெயர் நின்றுவிட்டது.

அதே சமயம் மில்ஸ்காரர்கள் சத்தமில்லாமல் வேறொன்றும் செய்தார்கள். சக்கரத்தில் பத்து இடத்தை இருபதாக்கினார்கள். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபது பெருக்கல் இருபது பெருக்கல் இருபது, 8000. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரே ஒரு மணி என்றால், ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு எட்டாயிரத்தில் ஒன்றாகிவிட்டது. ஜன்னலையும் அகலமாக்கி, நடு வரிசைக்கு மேலும் கீழும் உள்ள படங்கள் தெரியும்படி செய்தார்கள். ஐயோ, ஒரு இடம் தள்ளி நின்றிருந்தால் ஜெயித்திருப்பேனே என்று தோன்ற வேண்டும், அதற்காக. ஈய வில்லை போட்டவன் ஐந்து சென்ட் திருடினான், பிடித்தால் ஜெயில். இந்த இருபது இடச் சக்கரம் கூலிக்காரன் பையிலிருந்து எடுத்ததற்கு யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. பழுதே இல்லாமல் ஓடும் மெஷின்தான் அதிகமாகத் தின்றது!

தடைக்குப் பிறகும் ஃபே கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கடை மேஜையில் வைக்கும் சின்ன விளையாட்டுக் கருவிகள் செய்தார். 1929-ல் வெள்ளி டாலர் போட்டு ஆடும் மெஷினையும் செய்தார். 1944-ல் காலமானார். அவர் பாணியில் நாடு முழுக்க ஓடிய மெஷின்களில் பெரும்பாலானவற்றால் அவருக்கு ஒரு காசு வரவில்லை.

அவர் இறந்து ஐந்தாறு வருஷத்துக்குள் இந்த வம்சத்து மெஷின்களின் அடிமடியிலேயே கை வைத்தார்கள் சிலர். கைப்பிடியை இழுத்ததும் சக்கரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பது எப்படி? உள்ளே ஒரு கடிகார அமைப்பு. காற்றாடித் தகடு ஒன்று சுழன்று வேகத்தைக் கட்டுப்படுத்தும். நேரம் ஆனதும் தடை விழும். அந்தக் கடிகாரம் நன்றாகச் செய்யப்பட்டிருந்ததுதான் வினை! ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே நேரம். போன தடவை சக்கரம் நின்ற இடம் கண்ணெதிரே தெரிகிறது. அளந்த இடைவெளியில், தாளம் தப்பாமல் இழுத்தால் அடுத்து எங்கே நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1940களின் இறுதியில் நெவாடா சூதாட்ட விடுதிகளில் இந்தத் தாளக்காரர்கள் மெஷின்களைக் காலி செய்தார்கள். ஈயமும் இல்லை, கம்பியும் இல்லை, எல்லாம் மனசுக்குள் எண்ணுவதுதான். கம்பெனிகள் ஓடி வந்து, கடிகார நேரத்தை வேண்டுமென்றே தாறுமாறாக்கும் ஒரு பாகத்தைச் சேர்த்தார்கள். துல்லியமாகச் செய் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்படும் நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இல்லை?

பிறகு சக்கரத்தை நிறுத்தும் வேலை சிப்புக்குப் போனது. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 இடம் இருந்தாலும் உள்ளே கம்ப்யூட்டர் அதற்கும் மேலான எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன்படி சக்கரத்தை நிறுத்தும். இந்த முறைக்கு 1984-ல் காப்புரிமையே கிடைத்தது. ஃபேக்குக் கிடைக்காதது! ஆனால் சிப் உள்ளே இருப்பது நிஜமான அதிர்ஷ்டம் இல்லை, ஒரு சூத்திரம். இந்த எண்ணிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அதற்கடுத்தது. சூத்திரமும் இப்போதைய எண்ணும் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும். நெவாடாவில் மெஷின்களைச் சோதிக்கும் அரசு வாரியத்திலேயே வேலை பார்த்த ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஆள், குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் பரிசு கொட்டும்படி சிப்பில் எழுதி வைத்தார். 1995-ல் வேறொரு ஊரில், கம்ப்யூட்டர் எடுக்கும் எண்களை முன்கூட்டிக் கணக்கிட்டு ஆடப்போய் மாட்டினார். சோதிக்கிறவரே கை வைத்தால் எந்த ஊசி தடுக்கும்?

2014-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பக்கம் பிடிபட்ட ரஷ்யக் கூட்டத்தின் வேலை இன்னும் நூதனம். ரஷ்யாவில் 2009-ல் சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டு, பழைய மெஷின்கள் மலிவாக விலைக்கு வந்தன. அவற்றைப் பிரித்துப் படித்து சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆடுகிறவன் சுமார் இரண்டு டஜன் ஆட்டத்தை செல்போனில் படம் பிடித்து அனுப்புவான். ஊரில் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பட்டனை அழுத்த வேண்டிய நேரத்துக்குக் கால் விநாடி முன்னால் அவன் போன் அதிரும். அறுபது வருஷத்துக்கு முந்தைய தாளக்காரர்களின் வேலையேதான் இது. காற்றாடித் தகடு இருந்த இடத்தில் சூத்திரம் வந்து உட்கார்ந்திருந்தது, எண்ணுகிறவன் கடல் தாண்டி இருந்தான்.

ஃபேயின் பேரன்கள் ரெனோ நகரில் 2006 வரை உணவகம் நடத்தி, தாத்தாவின் பழைய மெஷின்களை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெரு 406-ம் எண் இருந்த இடம் கலிபோர்னியாவின் 937-வது வரலாற்றுச் சின்னம். அங்குள்ள பலகையில் அவர் பெயரும் மூன்று சக்கர மெஷினும் இருக்கின்றன.