நாடகம் பயிற்றிய ஆசான்: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

ஏலமலைச் சரிவில் மாலை மூடுபனி இறங்கும் வேளையில், போடிநாயக்கனூர் வட்டாரத்துக் கோயில் திருவிழாவில் ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கினால், அது பெரும்பாலும் வள்ளி திருமணமாகவே இருக்கும். தினைப்புனம் காக்கும் குறமகளின் கதை மலையடிவார மக்களுக்கு அயலார் கதையன்று. விடியும்வரை அமர்ந்து கேட்போருள் பலர் அதனை எழுதியவர் பெயரை அறியார்.

1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரனாரின் மைந்தராய்ப் பிறந்தவர் சங்கரதாஸ். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதினார். இருபத்து நான்காம் அகவையில் அவ்வேலையைத் துறந்து நாடக மேடை ஏறினார். கூத்தாடிகள் என்று கற்றோர் ஒதுக்கிய கூட்டத்தில், யாப்பறிந்த புலவர் ஒருவர் விரும்பிச் சேர்ந்தது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

இராவணன், எமதருமன், சனீசுவரன் எனக் கொடிய வேடங்களே அவருக்கு வாய்த்தன. அவர் எமனாகத் தோன்றியது கண்டு கருவுற்ற பெண்ணொருத்தியின் கரு கலைந்ததென்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டாரென்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. வியப்பு என்னவெனில், கி.மு. 458இல் ஏதென்சு நகரில் ஈஸ்கிலசு தம் நாடகத்தில் பழிவாங்கும் தேவதையரை மேடையேற்றியபோதும் இதே நிகழ்ந்ததாக அக்கவிஞரின் பழைய வரலாறு கூறுகிறது. இரண்டும் மிகைப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம். ஆயினும் சுவாமிகள் தம் வல்லமையைக் கண்டு தாமே அஞ்சியவர் என்பதை நம்புவதற்குத் தடையில்லை.

கிரேக்கக் கவிஞன் நாடகத்தை எழுதியதோடு அமையவில்லை. பாடகர் குழுவுக்கு அதனைப் பயிற்றுவிப்பதும் அவன் கடமை. ஒரு நாடகத்தை அரங்கேற்றுவதை அவர்கள் கற்பித்தல் என்றே வழங்கினர். ஆடவரே பெண் வேடமும் பூண்டனர். அரங்கு தெய்வத்தின் விழாவோடு இணைந்திருந்தது. சுவாமிகளின் பிற்கால வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்புமை இல்லை.

அக்கால நடிகர்கள் மேடையிலேயே பாட்டிட்டுப் போட்டியிட்டனர். வசை மிகுந்தது, கதை தொலைந்தது. பாடலும் உரையாடலும் வரையறுத்த நாடகங்களைச் சுவாமிகள் எழுதித் தந்தார். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என அவை நாற்பதுக்கும் மேற்பட்டன. ஷேக்ஸ்பியரின் சிம்பலினும் அவர் கையில் தமிழ் நாடகமாயிற்று. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றார்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். கிட்டப்பா அங்கே பயின்றவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. முதிர்ந்த நடிகரிடம் காணாத ஒழுங்கைச் சிறுவரிடம் உண்டாக்க முயன்றார். டி.கே.எஸ். சகோதரர்கள் வந்து சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. அபிமன்யு சுந்தரி முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். அதில் அபிமன்யுவாகத் தோன்றியவர் அச்சிறுவரே.

பள்ளிக்கூடம் காணாத அப்பிள்ளைகளுக்குத் தமிழும் இசையும் சந்தமும் அவர் வாய்வழியே கிடைத்தன. ஆனால் பெற்றோரைப் பிரிந்து, இரவெல்லாம் கண்விழித்த குழந்தைப் பருவத்தை விலையாகக் கொடுத்துப் பெற்ற கல்வி அது. ஆசானின் பெருமையைப் பேசுமிடத்து இதனை மறைப்பது முறையாகாது.

இறுதிக் காலத்தில் முடக்குவாதம் அவரைத் தாக்கியது, நாவும் எழவில்லை. பல்லாயிரம் அடிகளைப் பிறர் வாயில் ஏற்றியவர் பேச்சிழந்து கிடந்தார். அந்நிலையிலும் சபை ஊர் ஊராகச் சென்றது. அவரும் உடன் சென்றார். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. இல்லறம் காணாத அவருக்கு நாடகப் பிள்ளைகளே மக்களாயிருந்தனர். சண்முகம் பின்னாளில் எழுதிய தம் நாடக வாழ்க்கை வரலாற்றில், ஆசானின் அந்த மௌன நாட்களையும் பதிந்து வைத்தார்.