நீரை அளந்த ஆசான்: அந்த்துவான் ஷெசி

வாய்க்கால் வடிவமைப்பைப் பயிலத் தொடங்கும் கட்டடப் பொறியியல் மாணவர், தொடக்க வகுப்புகளிலேயே ஷெசி வாய்பாட்டைச் சந்திக்கிறார். பெயரை மனத்தில் இருத்துகிறார், பெயருக்குரியவரை அறிவதில்லை.

அந்த்துவான் ஷெசி 1718-இல் பிரான்சு நாட்டின் ஷாலோன் நகரில் பிறந்தார். 1747-இல் பாரிசில் பாலங்கள், சாலைகளுக்கான பொறியியற் பள்ளி தோன்றியது. மறு ஆண்டில் ஷெசி அதிற் சேர்ந்தார். பெரோனே அதன் தலைவர். பேராசிரியர் என எவரும் அங்கு இலர். தேர்ந்த மாணவரே இளையோர்க்குக் கற்பித்தனர். எஞ்சியதைப் பணிக்களம் புகட்டியது. நாளடைவில் ஷெசி பெரோனேயின் வலக்கரமானார்.

இவெட் ஆற்று நீரைப் பாரிசுக்குக் கொணரும் திட்டம் எழுந்தது. வாய்க்காலை எவ்வளவு அகலமாக, எத்துணை வாட்டத்தில் வெட்டுவது? மிகுந்தால் பொருள் வீண். குறைந்தால் நகரம் தவிக்கும். ஷெசி அடிப்படையிலிருந்து சிந்தித்தார். நீரை முன்செலுத்துவது அதன் எடை. அவ்விசை குறுக்குப் பரப்பையும் வாட்டத்தையும் பொறுத்தது. தடுப்பது உராய்வு, அது நீர் நனைக்கும் சுற்றளவையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. சீரான ஓட்டத்தில் இவ்விரண்டும் சமம். ஆகவே ஓர் ஓடையின் வேகத்தை அளந்தால், மற்றோர் ஓடையின் வேகத்தைக் கணித்துவிடலாம். சேன் ஆற்றிலும் கூர்ப்பாலே வாய்க்காலிலும் கிடைத்த அளவுகளைக் கொண்டு இதனைச் சரிபார்த்தார்.

திட்டம் அன்று நிறைவேறவில்லை. அவருடைய கணக்கு அச்சேறாமல் கையெழுத்துப் படியாகவே கிடந்தது.

1790-இல் ஓய்வு பெற்றார். புரட்சிக்காலப் பணவீக்கம் ஓய்வூதியத்தைக் கரைத்தது. முதுமையில் வறுமை வாட்டியது. ஒருகால் அவரிடம் பயின்ற ப்ரோனி ஆசானை மறக்கவில்லை. அவர்தம் முயற்சியால், எண்பதை நெருங்கிய ஷெசி அப்பள்ளியின் இயக்குநரானார். ஓராண்டளவே அப்பதவி நிலைத்தது. 1798 அக்டோபரில் மறைந்தார். ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தபின், 1897-இல், அமெரிக்கப் பொறியாளர் கிளமென்ஸ் ஹெர்ஷல் அக்கையெழுத்துப் படியை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

நம் நாட்டோடும் இக்குடும்பத்துக்கு ஓர் உறவுண்டு. தந்தையின் தொழிலுக்கென வளர்க்கப்பட்ட மகன் அந்த்துவான் லெயோனார், கீழைநாட்டுச் சுவடிகளின் பக்கம் திரும்பினார். கொல்லேஜ் தெ பிரான்சு நிறுவனத்தின் முதல் வடமொழிப் பேராசிரியரானார். காளிதாசரின் சாகுந்தலத்தை 1830-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அயலார் ஏட்டைத் தனயன் அச்சேற்றினார்; அப்போதும் தந்தையின் ஏடு இருளிலேயே இருந்தது.

அச்சேறாத ஏடுகளைப் பேழையில் வைத்திருப்போர் நம்மிடையேயும் உளர். அவற்றைத் தேடி எடுப்பதற்கு ஒரு ப்ரோனியும் ஒரு ஹெர்ஷலும் வேண்டும். இலக்கிய வட்டங்கள் இருப்பதும் அதன் பொருட்டே.